ஒரு கொல்லத்துச் சாமான்

எங்கள் மாமா மலையாளம் பேசுவதை நிறுத்திய வருடத்தில்தான் பூவார்ப் பொழியில் அந்தப் பாய்க்கப்பல் வந்து நின்றது. இந்த இரண்டு காரியங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பந்தமில்லாத எதையும் முடிச்சுப் போட்டுத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது.

மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. பாறசாலைக்கு மேற்கே எங்கள் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர் வீடு. கருப்பட்டி, புளி, நல்லமிளகு வாங்கி விற்கிற வியாபாரம். தமிழ் பேசுகிற தாலுக்காக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் எங்கள் பக்கத்தில் சூடாக இருந்த காலம் அது. கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு என்று வாரத்துக்கு ஏதாவது ஒன்று இருக்கும். அப்படி ஒரு கூட்டத்தில் மாமா மேடையேறி, எல்லை முடிவாகும் வரை மலையாளத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டேன், வாசிக்கமாட்டேன், காதால் கேட்கவும் மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டார். உடனே மாலை போட்டார்கள். மாமா மாலையைக் கழற்றாமலே வீடு வரைக்கும் நடந்து வந்தார்.

வீட்டில் மாமி இருந்தாள். மாமிக்குப் பிறந்த ஊர் அதியன்னூர், பேசுவது மலையாளம். சபதத்தைக் கேட்டதும், “அப்போ இனி ஞான் ஆரோடு மிண்டும்?” என்றாள். இனிமேல் தான் யாரோடு பேசுவது என்பது நியாயமான கேள்விதான். மாமா அதற்குத் தமிழில் நீளமாகப் பதில் சொன்னார். அன்று முதல் அவர் தமிழில் கேட்பார், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள். அவள் வாயைத் திறந்ததும் மாமா இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வார். விரல் எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே இருந்ததால் குடும்பம் நடந்தது. கஷ்டப்பட்டது அம்பூரியிலிருந்து வாங்கி வந்த பசுதான். அதற்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். மாமா தமிழில் கொஞ்சிக்கொண்டு கறக்கப் போனால் உதைத்தது.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் காலையில், அச்சப்பம் சுட இரவல் வாங்கியிருந்த அச்சைத் திருப்பிக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. முற்றத்தில் மாமாவின் போராட்டத் தோழர்கள் இரண்டு பேர் நின்றார்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கடையடைப்பு. பாறசாலை முழுக்க அதை மாமாதான் விளம்ப வேண்டும் என்று சொல்ல வந்தவர்கள். மாமி அதியன்னூர் போவதற்காகக் குடையோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பூவாரிலிருந்து ஒரு வண்டிக்காரன் சீட்டு ஒன்று கொண்டுவந்தான். பூவார்க் கடைக்காரர் எழுதி அனுப்பியது. மலையாளத்தில் இருந்தது.

மாமா அதை இரண்டு விரலால் பிடித்து மாமியிடம் நீட்டினார். மாமி நின்ற நிலையிலேயே வாசித்தாள்:

“சாயிப்பினும் மதாம்மைக்கும் ஒரு கொல்லத்தேக்குள்ள சாதனங்ஙள் வேணம். பொழி அடையும் முன்பே எத்திக்கணம்.”

தோழர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று மாமா காதில் விரலை இறுக்கமாகவே வைத்திருந்தார். மாமி சீட்டைப் படியில் வைத்துவிட்டுக் குடையை விரித்துப் போய்விட்டாள்.

கொல்லம் என்றால் எங்களுக்கு இரண்டு அர்த்தம். வடக்கே திருவனந்தபுரம் தாண்டி இருக்கிற ஊர் ஒன்று. மற்றது மலையாளத்தில் வருடம். ‘ஒரு கொல்லத்தேக்கு’ என்றால் ஒரு வருடத்துக்கு. வெள்ளைக்காரனுக்கும் அவன் பெண்சாதிக்கும் ஒரு வருடத்துக்கான சாமான், பொழி அடைவதற்குள் வந்து சேர வேண்டும் என்பதுதான் சீட்டு. அந்த ‘ஒரு’ மாமாவின் விரலில் தட்டி வெளியே விழுந்துவிட்டது. என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் பெரியவர்கள் காரியத்தில் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, பூவாருல நிக்கிற சாயிப்பு கப்பல்ல கொல்லத்துக்குப் போறானாம். ரெண்டு பேரு. போற வழிக்கு சாப்பாடு நாமளாக்கும் குடுக்கணும். மூணு நாளைக்கு உள்ளது இருக்கட்டு.”

“இந்தா கெடக்க கொல்லத்துக்குக் கப்பலா?” என்றாள் அம்மா.

“சாயிப்புக்கு என்ன, பஸ்ஸுல எடம் கெடைக்காது போல.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. சபைக் கூட்டங்களுக்கு நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற கை அவளுக்கு. ஆனால் முந்தின வருடத்திலிருந்து அந்தக் கை அவ்வளவாக எதிலும் இறங்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து வந்தாள். காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வந்த அன்று ஒரு சின்னத் தேக்குப் பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைத் தொடக் கூடாது என்பது பிறகு வந்த சட்டம். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வாரம் சபை வேலையாக நாகர்கோவில் போயிருந்தார். வீட்டில் இருந்த இங்கிலீஷ் முழுவதும் அவரோடு போயிருந்தது.

அன்று முழுக்க அடுப்பு அணையவில்லை. புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, மிளகு போட்டு வறுத்த கோழி, ஏத்தங்காய் உப்பேரி, கிறிஸ்துமஸுக்குச் செய்து மிஞ்சிய முந்திரிக்கொத்து. எல்லாம் வாழையிலைப் பொதியாகக் கட்டி இரண்டு பெரிய கூடை நிறைந்தது. எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. ஒரு வருடத்துக்கு இரண்டு கூடை எப்படிப் போதும்? நானே பதிலும் கண்டுபிடித்துக்கொண்டேன். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதவில்லையா? அம்மாவின் சமையலுக்கு அந்த அளவு விசேஷம் உண்டு என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

மறுநாள் விடிந்ததும் காளைவண்டியில் அம்மாவும் மாமாவும் நானும் பூவாருக்குப் போனோம். வழியெல்லாம் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஒவ்வொரு பூட்டைப் பார்த்தும் மாமாவுக்கு முகம் மலர்ந்தது.

நெய்யாறு கடலில் சேருகிற வாயைத்தான் பொழி என்போம். மழைக்காலத்தில் ஆறு மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகும். மழை நின்றதும் கடல் அந்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். பிறகு வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழைக்குத்தான் திறக்கும். சுக்கான் உடைந்து மழைக்காலத்தில் உள்ளே வந்த கப்பல் அங்கே, தென்னைகளுக்கு நடுவே, வெள்ளை வெளேர் என்று நின்றது. கப்பல் என்று ஊர் சொன்னதே தவிர, மூன்று காளைவண்டியை வரிசையாக நிறுத்தினால் அதைவிட நீளம் வரும். அதில் சிவந்த தாடி வைத்த சாயிப்பும், ஆண்பிள்ளை மாதிரிக் கால்சட்டை போட்ட மதாம்மையும் இருந்தார்கள்.

மதாம்மை என்னைக் கையைப் பிடித்து உள்ளே இறக்கினாள். அந்த இடத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் கட்டில் பலகையைத் தூக்கினாள். அடியில் ஒரு அறை. உட்காருகிற பலகையைத் தூக்கினாள். அடியில் ஒரு அறை. நாங்கள் நின்ற தரையையே தூக்கினாள். அங்கேயும் அறைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. படியின் முதுகில் அலமாரி, பாய்மரத்தின் காலடியில் அலமாரி. எல்லாவற்றுக்குள்ளும் வெள்ளைச் சாயம் அடித்து, துடைத்து, காயவைத்து, காலித் தகரங்களை அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றையும் திறந்து காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடத்தை நான் முழுசாக ஒரே இடத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது காலியாக இருந்தது. அப்பத்தையும் மீனையும் பற்றிய என் நம்பிக்கையும் அந்த இடத்தில் சற்று ஆடிப்போனது.

மேலே வந்தபோது பூவார்க் கடைக்காரர் எங்கள் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கி எவிடே?” என்றார்.

“என்ன பாக்கி?” என்றார் மாமா தமிழில். “கொல்லத்துக்கு மூணு நாளு சோறு தாராளமாக்கும்.”

“கொல்லத்தேக்கல்ல சாரே! ஒரு கொல்லத்தேக்கு! பந்த்ரண்டு மாசம்!”

மாமாவின் கை தன்னையறியாமல் காதுக்குப் போய், பாதியில் நின்றுவிட்டது.

கடைக்காரர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. இவர்கள் போவது தென்மேற்கே நடுக்கடலில் இருக்கிற தீவுகளுக்கு. அங்கே தென்னையும் மணலும் உண்டு, கடை என்று ஒன்று கிடையாது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகவே பல நாள் ஆகும். அவர் மண்ணெண்ணெயும் உப்பும் கருவாடும் மட்டும் சேர்த்து வைத்துவிட்டு, பாக்கி எல்லாவற்றுக்கும் மாமாவை நம்பியிருக்கிறார். சாயிப்பு ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து காட்டினார். பொழியில் தண்ணீர் தினம் எவ்வளவு குறைகிறது என்று அதில் கோடு போட்டிருந்தார். கோடுகள் கீழே கீழே இறங்கியிருந்தன. நாளை மறுநாள் காலை, கடல்தண்ணீர் உயருகிற ஏற்றத்தில் வெளியே போனால் போனது, இல்லையென்றால் மழை வருகிற வரைக்கும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று மீன்பிடிக்கிறவர்கள் சொன்னார்கள். கடைக்காரர் முணுமுணுத்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஊருக்கும் வருஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் நாட்டுக்கு எல்லை போடக் கிளம்பியிருக்கிறார்களாம். மாமா வாங்கிய மாலையெல்லாம் அந்த மணலில் வாடிப்போனது.

இதற்கிடையில் அம்மா கப்பலில் ஏறி, கொண்டுவந்தது வீணாக வேண்டாம் என்று கோழிப் பொதியை அவிழ்த்து மதாம்மைக்கு நீட்டினாள். அவள் ஒரு தடவைதான் முகர்ந்தாள். உடனே விளிம்புக்கு ஓடிக் குனிந்து வாந்தியெடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் அம்மாவின் கோழிக்கா? அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய முதுகைத் தடவி, கூடையில் இருந்த நாரத்தங்காய் ஊறுகாய்ப் பரணியைத் திறந்து கையில் கொடுத்தாள். மதாம்மை விரலால் தொட்டு நக்கினாள். பிறகு வழித்துத் தின்ன ஆரம்பித்தாள். அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். கப்பலின் மூக்குப் பக்கம் அழைத்துப் போய், கையாலும் கண்ணாலும் ஏதோ கேட்டாள். மதாம்மை சிவந்துபோய் மூன்று விரலைக் காட்டினாள். அம்மா அந்த மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்தபடி வெகுநேரம் விடவில்லை. பிறகு கடலைப் பார்த்தாள். மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தாள். போகாதே என்று சொல்ல நினைத்திருப்பாள். அதற்கான பாஷை இருவரிடமும் இல்லை.

திரும்பும் வழியில் மாமா வண்டியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்து மகிழ்ந்த பூட்டுகளை இப்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டால் கடைக்காரர்கள் திறக்கத்தான் செய்வார்கள்; ஆனால் அடைக்கச் சொன்ன வாயால் எப்படித் திறக்கச் சொல்வது?

“எலே, இருந்து விசனப்பட்டா ஆவுமா?” என்றாள் அம்மா. “கடையத்தானே அடைக்கச் சொன்ன. வீட்ட அடைக்கச் சொல்லல்லியே.”

மாமா நிமிர்ந்தார். “நாளை சாயங்காலத்துக்குள்ளயா, அக்கா?”

“நீ சாமானக் கொண்டா. பெட்டியில அடைக்கது என் சோலியாக்கும்.”

ஒரு வருடமாகக் கேட்காத குரல் அது. எனக்கு வண்டியிலிருந்து குதித்து ஓட வேண்டும் போல இருந்தது.

அன்று மத்தியானம் முதல் மாமாவும் தோழர்களும் வீடு வீடாக ஏறினார்கள். கடையடைப்புக்குக் கொடி பிடித்தவர்கள் தலையில் கூடை சுமந்து வந்ததைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. ஆனாலும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் புழுங்கலரிசி, ஒரு வீட்டில் உளுந்து, இன்னொரு வீட்டில் அடுக்களைப் புகையில் தொங்கிய கருப்பட்டி. ஒரு வருடமாம், நடுக்கடலிலாம் என்று கேட்டதும் கை தானாக நீண்டது. ஆனால் எல்லாம் சேர்ந்தும் கால்பங்கு வரவில்லை. முக்கியமாகத் தகரங்கள் போதாது, கோழி போதாது, முட்டை போதாது. அவ்வளவும் ஒரே இடத்தில் இருக்கிற வீடு ஒன்று எல்லோருக்கும் தெரியும். அது அதியன்னூரில் மாமியின் பிறந்த வீடு.

மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தான் தமிழில் சொல்ல நான் மலையாளத்தில் சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். வாசல் படிப்புரையில் மாமி நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “நீ மிண்டாதே மோளே,” என்று என்னை அடக்கிவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமா தமிழில் தொடங்கினார். மாமி சாவகாசமாகக் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள்.

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமியின் அப்பாவும் தம்பிமாரும் எட்டிப் பார்த்தார்கள். சபதம் செய்தபோது கூட்டத்தில் நின்றவர்கள் ஆயிரம் பேர் என்று மாமா சொல்வார். முறித்தபோது ஆறு பேர் இருந்தோம்.

“ஒரு கொல்லத்தேக்கு,” என்றார் மாமா. “ஒரு கொல்லத்தேக்குள்ள சாதனங்ஙள் வேணம்.”

“எந்தா? கேட்டில்லா,” என்றாள் மாமி.

“ஒரு! ஒரு! ஒரு கொல்லத்தேக்கு!”

மாமி விரலை எடுத்தாள். அவள் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு வண்டி கிளம்பியது. ஒன்றில் அரிசியும் தகரங்களும் கோழிக்கூடும், மற்றதில் முட்டைப் பானைகளும் மாமியும்.

மறுநாள் எங்கள் முற்றம் இருந்த கோலத்தை எழுத எனக்குக் கை போதாது. சபைப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அரிசியை வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையும் வற்றல் மிளகாயும் கலந்து தகரத்தில் அடைத்தார்கள். முட்டை ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, கூர்முனை கீழே இருக்கும்படி உமிக்குள் வைத்தாள் மாமி. அவித்துக் காயவைத்த மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு தட்டினால் கட்டை மாதிரிச் சத்தம் போட்டது. புளியை உப்புப் போட்டு உருட்டினார்கள், எலுமிச்சங்காயைக் கீறி உப்பு திணித்தார்கள். கருப்பட்டியைப் பனையோலையில் பொதிந்தார்கள். ஒரு வருடம் முழுக்க எங்கள் அடுக்களைக்குள் ஒவ்வொரு மாதமாக வந்து போகிற சாமான்கள் ஒரே பகலில் முற்றத்தில் வந்து குவிந்ததைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றேன். நோவாவின் மனைவிக்கு இவ்வளவு வேலை இருந்திருக்கும் என்று வேதபாட வகுப்பில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஈரத்தில் காகிதச் சீட்டு உரிந்துவிடும் என்று மதாம்மை ஒரு டப்பி சிவப்புச் சாயம் கொடுத்தனுப்பியிருந்தாள். என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் தகரங்களில் பெயர் எழுதும் வேலை எனக்கு. உப்பு, புளி, உளுந்து என்று தமிழில் எழுதினேன். மாமி அதற்குக் கீழே மலையாளத்தில் எழுதினாள். பிறகு கப்பலில் வைத்து மதாம்மை அதற்கும் கீழே இங்கிலீஷில் எழுதினாள். ஒரு தகரத்துக்கு மூன்று பாஷை. மாமா அதைப் பார்த்தும் பாராதவர் போல அரிசி அளந்துகொண்டிருந்தார்.

“அக்கா, ரெண்டு பேருக்கு இவ்வளவு அரிசி வேண்டாமே,” என்றார்.

“ரெண்டு பேருன்னு ஆரு சொன்னா? மூணு பேருக்காக்கும்.”

மாமா இன்னொரு படி போட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா ஜெபிக்கும்போது, ஆண்டவரே, எங்கள் பந்தியில் காணாத விருந்தாளியாக வந்து அமரும் என்பார். மதாம்மை மூன்று விரல் காட்டியதும் அதற்குத்தான். கடலில் போகிறவர்கள் ஆண்டவருக்கும் சேர்த்துச் சாமான் வாங்குகிறார்கள். எவ்வளவு நல்ல வேதக்காரர்கள் என்று நினைத்து, கோழி விஷயத்தில் மதாம்மையை மன்னித்துவிட்டேன்.

சாயங்காலம் வண்டிகள் ஏறும் நேரத்தில் அம்மா உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் தகரம் கொண்டுவந்தாள். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஒட்டியிருந்தாள். நான் தூரிகையை முக்கிக்கொண்டு, “இதுல என்ன எழுதணும்மா?” என்றேன்.

“ஒண்ணும் எழுதாண்டாம், மக்கா.”

“உள்ள என்ன உண்டு?”

“துணி.”

கப்பல் தளத்தைத் துடைப்பதற்குப் பழந்துணி என்று நினைத்தேன். துடைக்கிற துணிக்கு மெழுகு எதற்கு என்று கேட்க வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தேன்.

பூவாரில் மதாம்மை ஒரு சாக்கையும் கப்பலில் ஏற்ற விடவில்லை. கரப்பான் முட்டை இருக்குமாம். எல்லாவற்றையும் கரையிலேயே கொட்டித் தகரத்துக்கு மாற்றினோம். ஏத்தன் வாழைக்குலைகளை உப்புத்தண்ணீரில் முக்கி எடுத்தபிறகுதான் ஏற்றினாள். “நமக்கு ஒத்தவளாக்கும்,” என்றாள் அம்மா. முந்தின நாள் காலியாக நான் பார்த்த அறைகள் ஒவ்வொன்றாக நிறைந்து மூடின. கடைசியில் அந்தப் பெயரில்லாத தகரத்தை அம்மாவே உள்ளே கொண்டுபோனாள். அது கட்டில் தலைமாட்டு அறைக்குள் போனது. வெளியே வந்தபோது மதாம்மை அழுதிருந்தாள்.

அன்று இரவு கடைக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலை ஏற்றத்துக்கு எல்லோரும் பொழிக்கரையில் நின்றோம். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. பாய் விரிந்தது. இரண்டு நாள் முன்பு தண்ணீர் மேல் ஒய்யாரமாக நின்ற கப்பல், ஒரு வருடத்தைச் சுமந்துகொண்டு ஒரு முழம் தாழ்ந்திருந்தது. வாய்க்கு நடுவே வந்ததும் அடிக்கட்டை மணலில் உரசி நின்றுவிட்டது. நாங்கள் ஏற்றிய சாமான்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏற்றம் இறங்கத் தொடங்கிவிட்டால் அவ்வளவுதான். சாமானைத் திரும்ப இறக்க நேரமில்லை. நேரம் இருந்தாலும் சாமான் இல்லாமல் எங்கே போவது?

முதலில் தண்ணீரில் குதித்தது மாமா. பிறகு தோழர்கள், பிறகு மீன்காரர்கள், மடித்துக் கட்டிய வேட்டியோடு கடைக்காரர். “தள்ளு!” என்று மாமா கத்தினார். “தள்ளு! தள்ளு!” என்று முப்பது குரல் கத்தியது. அந்த வார்த்தை இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். மூன்றாவது அலைக்குக் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. நாலாவது அலைக்கு வெளியே நின்றது. அதன் பிறகு அது எங்களுடையதாக இல்லை. பெரிய தண்ணீரில் அவ்வளவு சின்னதாகப் போனது. அத்தனை அரிசியும் முட்டையும் கருப்பட்டியும் அந்த வெள்ளைப் புள்ளிக்குள் இருக்கிறது என்று எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. மாமியின் கோழிகள் கூவுவது கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது.

அம்மா கண்ணைத் துடைத்தாள். ஏன் என்று கேட்டேன். மணல் விழுந்துவிட்டது என்றாள்.

எல்லை பிறகு முடிவாயிற்று. மாமா கேட்டதில் கொஞ்சம் சென்னையோடு போனது. எங்கள் ஊர் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டது. மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசுவை மலையாளத்தில் அழைத்துக் கறந்தார். கப்பல்காரர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஒரு கொல்லம் கழிந்த அன்று அம்மா மட்டும் வேதப்புத்தகத்தில் எதையோ குறித்துவைத்தாள்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மா பழைய மல் வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலடியில் அந்தத் தேக்குப் பெட்டி திறந்து கிடந்தது. வெறும் பெட்டி. இவ்வளவு வருடம் பூட்டி வைத்திருந்தாயே, இதில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உனக்குப் பொறவு ஒண்ணு வந்துது. ஒரு நாளு கூட நிக்கல்ல. அதுக்குத் தச்ச சட்டையாக்கும்,” என்றாள். “கப்பல்ல போச்சு, மக்கா. மூணாவது ஆளுக்கு.”